புஜைராவில் இறங்காதவர்கள்

புஜைராவில் பார்க்க என்ன இருக்கிறது என்று சிரித்தே அனுப்பினார்கள் துபாய் நண்பர்கள். மலையைக் குடைந்து வரும் சாலை முடிந்ததும் கடல் தெரிந்தது. கண்ணுக்கெட்டிய தூரம் வரை கப்பல்கள். ஓர் ஊரே கடலுக்குள் நங்கூரம் போட்டு நிற்கிறது.

துறைமுகத்தில் ராமநாதபுரத்துக்காரர் ஒருவர் படகில் காய்கறி ஏற்றுகிறார். நிற்கும் கப்பல்களுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பது அவர் டூட்டி. கொத்தமல்லி வேரில் ஈரமண் அப்பியிருக்கிறது.

“கழுவலையாண்ணே?”

“கப்பல்காரங்க கழுவாமத்தான் கேப்பாக, தம்பி. மாசக்கணக்கா கரை எறங்காத ஆளுக. மண்ணைத் தொட்டுப் பாத்துட்டுத்தான் சமையலுக்கே குடுப்பாக.”

கயிற்றை அவிழ்த்தபடி சொல்கிறார்: “இந்த ஊர்ல என்ன இருக்குன்னும் கேப்பாக.”

“என்ன சொல்வீங்க?”

“காலாற நடக்கலாம்னு சொல்லுவேன்.”