ஓரெழுத்து வசனம்

காலைப் பாத்திரங்களைக் கழுவுவது அவர். துடைத்து அடுக்குவது அவள். கல்யாணமான புதிதில் அவருக்குக் குழாயடியில் நிற்பது பிடித்திருந்தது. பிறகு அது பழக்கமாயிற்று. அதற்கும் பிறகு, வேறு யார் கழுவினாலும் அடிப்பிடித்த இடம் சரியாகப் போகாது என்று சொல்ல ஆரம்பித்துவிட்டார். அவள் மறுக்கவில்லை. இருபத்தோரு வருஷத்தில் அவள் மறுக்காமல் விட்ட விஷயங்கள் மொத்தம் நாலைந்து இருக்கும்.

அந்த அரை மணி நேரம் வீட்டுப் பேச்சு கிடையாது. ஒரு கையில் துணி, மறு கையில் தாள் என்று நின்று அவள் வசனம் படிப்பாள். அவர் தண்ணீர்ச் சத்தத்துக்கு மேலே குரல் கொடுப்பார்.

"'என் அனுமதி இல்லாம ஒரு கப்பலும் நகராது.'"

"நீளம். நீ அனுமதியைச் சொல்லி முடிக்கறதுக்குள்ள அவ வாயை மூடிட்டு நாற்காலியில உக்காந்துடறா."

"'நான் சொல்லாம ஒரு கப்பலும் நகராது.'"

"இது சரி."

"முதல்ல சொன்னதுல ஒரு அதிகாரம் இருந்துச்சுங்க."

"அதிகாரம் இருந்துச்சு. உதடு இல்லை."

வெளிநாட்டுப் படங்களைத் தமிழ் பேச வைப்பது அவர்கள் தொழில். மரக்கடைக்கு மேல்மாடியில் அவருடைய ஒலிப்பதிவுக்கூடம். கீழே ரம்பம் ஓடினால் மேலே பதிவு நிற்கும். போன் போட்டு, "அண்ணே, ரெண்டு நிமிஷம்" என்று கெஞ்சினால் ரம்பம் நிற்கும். திரையில் உதடு ஒட்டுகிற இடத்தில் ப, ம, இரண்டில் ஒன்று விழுந்தாக வேண்டும் என்பது அவருடைய சட்டம். விழாவிட்டால் தாளில் சிவப்பு வட்டம் போடுவார். தொழிலில் அவருக்கு 'உதடு சார்' என்று பெயர் வந்தது அப்படித்தான். அவளுக்கு 'எழுத்தம்மா'. உதடு அவருடையது, எழுத்து அவளுடையது, சண்டை இருவருக்கும் பொது என்று குரல் கொடுக்க வருகிறவர்கள் சொல்வார்கள்.

அவள் எழுத வந்தது தற்செயல். வக்கீல் ஆபீஸில் டைப் அடித்துக்கொண்டிருந்தாள். மதிய இடைவேளையில் வெளிவேலையும் வாங்கி அடிப்பாள். அவர் ஒரு படத்தின் வசனத்தைக் கொண்டுவந்து கொடுத்தார். நாலாம் நாள் அதே தாள்களோடு திரும்பி வந்து மேஜைக்கு முன்னால் நின்றார்.

"யாரும்மா இதையெல்லாம் மாத்தினது?"

"மாத்தலை சார். திருத்தினேன்."

"உங்களைத் திருத்தச் சொன்னேனா?"

"தப்பாவே அடிச்சுக் குடுங்கன்னும் சொல்லலையே."

வக்கீல் உள்ளறையிலிருந்து எட்டிப் பார்த்தார். வழக்கு ஒன்றும் இல்லை என்று தெரிந்ததும் கதவைச் சாத்திக்கொண்டார். ஏழு மாசம் கழித்து அதே வக்கீல்தான் பதிவு அலுவலகத்தில் சாட்சிக் கையெழுத்துப் போட்டார்.

அதுவரை இருவரும் ஒருவரையொருவர் நீங்க என்றுதான் பேசினார்கள். திட்டும்போதுகூட, "உங்களுக்கு மூளை இருக்கா?" என்று மரியாதையாகவே திட்டிக்கொண்டார்கள். கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வந்து ஆட்டோவில் ஏறும்போது அவர், "பையை எடுத்துக்கிட்டியா?" என்றார். அவளுக்கு அது பிடித்திருந்தது. பதிலுக்குத் தானும் மாறலாம் என்று நினைத்து வாயைத் திறந்தாள். "எடுத்துக்கிட்டேங்க" என்று வந்தது. அதோடு சரி. கூடத்தில் 'சார்', வீட்டில் 'ஏங்க'. கல்லூரிக்குப் போகிற மகள் அம்மாவை நீ என்பாள், அப்பாவை நீங்க என்பாள். ஏன்டி இப்படி என்று ஒரு தடவை கேட்டதற்கு, "நீ அம்மாதானேம்மா" என்றாள். அதற்கு மேல் அதில் கேட்க ஒன்றுமில்லை.

இப்போது கையில் இருந்தது ஒரு பழைய கறுப்பு வெள்ளைப் படம். ஒரு துறைமுகத்துக்கே தலைவி ஒருத்தி. அங்கே சுமை ஏற்றி இறக்கும் தொழிலாளர் சங்கத்துக்குத் தலைவன் ஒருவன். படம் முழுக்க இருவரும் மோதிக்கொள்கிறார்கள். அவள் வாயிலைப் பூட்டுகிறாள். இவன் வேலை நிறுத்தம் செய்கிறான். அவள் பத்திரிகையில் அறிக்கை விடுகிறாள். இவன் அந்தப் பத்திரிகையிலேயே மீன் பொதிந்து அவளுக்கு அனுப்புகிறான். கடைசியில் ஒப்பந்தம் கையெழுத்தாகி, எல்லோரும் போன பிறகு, காலியான அறையில் இருவர் மட்டும். அவன் ஏதோ சொல்கிறான். அவள் அவன் முகத்தையே பார்த்து ஒரே ஒரு சொல் சொல்கிறாள். படம் முடிந்தது.

அந்த ஒரு சொல், அவர்கள் மொழியில் எதிரே இருப்பவரைக் குறிக்கும் சொல். யாரைப் பார்த்தும் சொல்லலாம். பெரியவர், சின்னவர், புருஷன், எதிரி, எல்லோருக்கும் அது ஒன்றுதான். தமிழில் அந்த வசதி இல்லை.

அவர் குக்கர் மூடியைத் தேய்த்துக்கொண்டிருந்தபோது அவள் கடைசித் தாளைப் படித்தாள்.

"'நீ.'"

"நான் என்ன?"

"நீங்க இல்லை. வசனம்."

அவர் குழாயை மூடினார். "படம் பூரா ரெண்டு பேரும் நீங்க, உங்களைன்னுதானே பேசிக்கறாங்க?"

"ஆமா. அதனாலதான் கடைசியில இது."

"நீன்னு அவன் சொல்லட்டும். அவ சொன்னா நல்லா இருக்காது."

"அவனும் சொல்றான், அதுக்கு முந்தின வசனத்துல. அங்க அவன் முதுகுதான் தெரியுது. முதுகுக்கு ஏது உதடு?"

"சேனல்காரம்மா ஒத்துக்க மாட்டாங்க. ஞாயித்துக்கிழமை மத்தியானம் குடும்பத்தோட உக்காந்து பாக்கற படம். கடைசியில பொம்பளை ஆம்பளையை நீன்னா மரியாதை தெரியாதவன்னு ஆயிடும்."

"அவன் சொன்னா?"

"அது பிரியம்."

"ரெண்டு பேருக்கும் ஒரே எழுத்துதான் எழுதியிருக்கேன்."

அவர் மறுபடி குழாயைத் திறந்தார். சுத்தமாகவே இருந்த மூடியை இன்னொரு தடவை அலசினார். வியாழக்கிழமை சேனலிலிருந்து ஆள் வந்து படத்தைப் பார்க்க வேண்டும். பிடித்துவிட்டால், இதே மாதிரிப் பழைய படங்கள் இன்னும் பதினொன்று இந்தக் கூடத்துக்கு வரும். அது அவர் கவலை. அவள் கவலை அந்த எழுத்து.

"இதை மாத்தினீங்கன்னா, அந்தப் பதினொண்ணுக்கும் வேற ஆளைப் பாத்துக்குங்க" என்றாள், தட்டை அடுக்கிக்கொண்டே.

வெறும் மிரட்டல் இல்லை என்று அவருக்குத் தெரியும். முன்பு ஒரு கார்ட்டூன் நரியின் வசனத்தை அவர் அவளைக் கேட்காமல் திருத்தியதற்கு, இரண்டு மாசம் பழைய வக்கீல் ஆபீஸுக்கே திரும்பிப் போய் டைப் அடித்தவள் அவள்.

செவ்வாய்க்கிழமை பதிவு. துறைமுகத் தலைவிக்குக் குரல் கொடுக்க 'மகாராணி' வந்திருந்தார். முப்பது வருஷமாக ராணிகளுக்கும் மாமியார்களுக்கும் பெண் நீதிபதிகளுக்கும் பேசிப் பேசி வந்த பெயர். சங்கத் தலைவனுக்கு 'இருமல்'. ஒவ்வொரு வசனத்துக்கும் முன்னால் அவர் ஒருமுறை இருமுவார். அப்புறம் வருகிற குரலைக் கேட்டால் இருமினவர் வேறு யாரோ என்று தோன்றும். இருவரும் கண்ணாடிக்கு அந்தப்பக்கம், காதில் ஹெட்போனோடு. இந்தப்பக்கம் கருவிகளுக்கு முன்னால் அவர். பக்கத்தில் தாள்களோடு அவள்.

கடைசிக் காட்சி வந்தது. அவர் பொத்தானை அமுக்கி மைக்கில் சொன்னார்: "மேடம், கடைசி வசனத்துல 'நீங்க'ன்னு வேகமா சொல்லிப் பாருங்க."

மகாராணி சொன்னார். திரையில் அந்தப் பெண்ணின் உதடு ஒரே தடவை பக்கவாட்டில் விரிந்து, பல் தெரிந்து, நின்றுவிட்டது. அதற்கப்புறம் மூடிய வாய்க்குள்ளிருந்து ஒரு 'ங்க' மட்டும் தனியாக வெளியே வந்தது.

"வயித்துலேருந்து பேசற மாதிரி இருக்கு சார்" என்றார் மகாராணி.

"'ஏங்க'?"

"துறைமுகத்தையே ஆட்டி வைக்கறவ, கடைசியில 'ஏங்க'ன்னா கூப்பிடுவா?" என்று அவள் பக்கத்திலிருந்து கேட்டாள்.

"'டேய்' போடலாம் சார், உதடு நல்லா உக்காரும்" என்றார் இருமல்.

"நீங்க இருமினா போதும்."

"மேடம், வீட்டுல நீங்க யாரை நீன்னு சொல்வீங்க?" என்று அவர் மகாராணியைக் கேட்டார். நியாயத்துக்கு ஆள் சேர்ப்பது அவர் வழக்கம்.

"எங்க நாயை" என்றார் மகாராணி. யோசித்துவிட்டு, "அதையும் செல்லமா இருக்கறப்போதான். கோவம் வந்தா 'வாங்க, சாப்பிடுங்க'ன்னுதான்" என்றார்.

அவள் எழுந்து நின்றாள். ஒரு வசனம் பேச்சில் எப்படி விழ வேண்டும் என்று அவளே நடித்துக் காட்டுவது கூடத்தில் எல்லோருக்கும் பழகியது. எதிரே யார் இருந்தாலும் அவர்தான் அந்தப் பாத்திரம். அன்றைக்கு எதிரே இருந்தது அவர்.

"இங்க பாருங்க. ஒண்ணரை மணி நேரமா இவ இவனோட மல்லுக்கட்டறா. நீங்க, உங்க, உங்களைன்னு. அதெல்லாம் மரியாதை இல்லை, வேலி. இப்ப வேலி இல்லை." அவர் முகத்தை நேராகப் பார்த்து, மகாராணிக்கான குரலில், மெதுவாகச் சொன்னாள்: "நீ."

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். "அதுக்கில்லை, சேனல்ல என்ன..."

"நீ எப்பவும் இப்படித்தான். உனக்கு உதடு புரியுது, பேசறது புரியலை."

சொன்ன பிறகுதான் அவளுக்கே கேட்டது. அவருடைய விரல் இன்னும் பொத்தானில்தான் இருந்தது. கண்ணாடிக்கு அந்தப்பக்கம் இரண்டு ஹெட்போன்களிலும் அது சுத்தமாக விழுந்திருந்தது. இருமலுக்கு இருமல் வந்தது, அடக்கிக்கொண்டார். மகாராணி தன் தாளில் எதையோ மும்முரமாகத் தேடினார். அவர் வைத்திருந்ததே கடைசித் தாள்தான், அதில் ஓர் எழுத்துதான் இருந்தது.

மன்னிப்புக் கேட்கலாம். பாத்திரத்தின் பேச்சு, வாய் தவறிவிட்டது என்று சொல்லிச் சிரித்திருந்தாலும் எல்லோரும் கூடச் சிரித்திருப்பார்கள். அவளுக்கு அது தோன்றியது. ஆனால் உட்கார்ந்து தாளைச் சரிசெய்துகொண்டாள்.

"டேக்" என்றார் அவர்.

மகாராணி 'நீ' என்றார். உதடு பொருந்தியது. சிவப்பு வட்டத்துக்கு வேலை இல்லை. "ரெண்டாவதா ஒண்ணு, வாய் திறக்காம ஒரு சிரிப்பு மட்டும் எடுத்து வெச்சுக்கலாம்" என்றார் அவர், மைக்கில். அதையும் எடுத்தார்கள். வியாழக்கிழமை எதைப் போடுவார் என்று அவள் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

புதன்கிழமை காலை அவர் பாத்திரம் கழுவினார், அவள் துடைத்தாள். படிக்க வசனம் இல்லாததால் தண்ணீர்ச் சத்தம் மட்டும் கேட்டது. மகள் வந்து இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். "படம் முடிஞ்சுதா?" என்று கேட்டாள். "முடிஞ்சுது" என்று இருவரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள்.

வியாழக்கிழமை வந்த சேனல்காரம்மா அவளைவிடப் பத்து வயது சின்னவர். வந்ததிலிருந்து போன் அடித்துக்கொண்டே இருந்தது. படம் ஓடும்போது நாலைந்து இடத்தில் சிரித்தார். மீன் பொதிந்து அனுப்பிய இடத்தில் போனைக் கீழே வைத்துவிட்டார், நல்ல அறிகுறி. அவள் சுவரோரம் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். கடைசிக் காட்சி வரும்போது அவர் கை கருவியை நோக்கி நகர்ந்ததைப் பார்த்தாள். இரண்டு பதிவும் ஏற்றி வைத்திருந்தார். எந்தப் பொத்தான் எது என்று அவருக்குத்தான் தெரியும். கை அங்கேயே சற்று நின்றது.

திரையில் சங்கத் தலைவன் முதுகைக் காட்டிக்கொண்டு, "நீதான் ஜெயிச்சே" என்றான். துறைமுகத் தலைவி அவனைப் பார்த்தாள். 'நீ' என்றாள்.

விளக்கைப் போட்டார்கள்.

"நல்லா வந்திருக்கு சார்" என்றார் சேனல்காரம்மா. "மத்த பதினொண்ணையும் அனுப்பிடறேன்."

"அந்தக் கடைசி வசனம்..." என்று அவர் ஆரம்பித்தார்.

"எந்த வசனம்?"

"இல்லை, ஒண்ணுமில்லை."

"நடுவுல ஒரு வசனத்துல மட்டும் 'ஒப்பந்தம்'னு வருது பாருங்க. அதுக்குப் பதிலா அக்ரிமெண்ட்னே போட்டுடுங்க. ஒப்பந்தம்னா நியூஸ் மாதிரி இருக்கு." சொல்லிக்கொண்டே மறுபடி அடித்த போனை எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போனார்.

அவர் கேபிள்களைச் சுருட்டத் தொடங்கினார். முழங்கைக்கும் உள்ளங்கைக்கும் நடுவில் எட்டு வடிவமாகச் சுற்றுவார், முறுக்கு விழாது. அவள் தாள்களை உறையில் போட்டாள். கீழே ரம்பம் ஓட ஆரம்பித்தது. இனி யாரும் போன் போட்டு நிறுத்தச் சொல்லத் தேவையில்லை.

"அக்ரிமெண்ட்ல ம வருது, உதடு ஒட்டணும்" என்றாள். "அங்க அவ உதடு ஒட்டுதான்னு பாக்கணும்."

"ஒட்டுது. பாத்துட்டேன்."

"சரி."

இரண்டு கேபிள் முடிந்தது. மூன்றாவதை எடுத்தவர் அதைச் சுருட்டவில்லை.

"செவ்வாய்க்கிழமை" என்றார். "மைக் ஆன்ல இருந்தப்போ."

அவள் உறையின் நூலைச் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"முதல்ல சொன்னே பாரு, அது வசனம். அது தெரியுது. அதுக்கப்புறம் சொன்னது?" கேபிளின் நுனியைப் பார்த்துக்கொண்டே கேட்டார். "அது அந்தத் துறைமுகக்காரி சொன்னதா, நீ சொன்னதா?"

அவள் அவரைப் பார்த்தாள். கோபமாகக் கேட்கிறாரா என்று பார்த்தாள், இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். அவர் ஒருபோதும் எந்த வசனம் யாருடையது என்று தெரியாமல் பதிவு செய்ததில்லை.

உறையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள். கைப்பையைத் தோளில் மாட்டினாள். சத்தம் புகாத அந்தக் கனத்த கதவைத் தோளால் தள்ளித் திறந்து, "வா" என்று சொல்லிவிட்டு வெளியே போனாள்.