தொண்ணூற்றெட்டு டிகிரியில் ஒரு வெள்ளிக்கிழமை

போன வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டில் சாம்பிராணி மேல் ஒரு குற்றச்சாட்டு எழுந்தது!

குற்றம் சாட்டியவர் என் வீட்டுக்காரர். மாநகரசபையில் கிளார்க்; அன்று லீவில் நின்றார். பகல் பூசையை முடித்துவிட்டு, சாம்பிராணிக் கிண்ணத்தோடு ஹாலுக்கு வந்தேன். அந்த நேரம் பார்த்து மகள் தர்ஷினியின் கொம்பியூட்டர் 'டப்'பென்று அணைந்தது.

“பாத்தியா? காலையிலேருந்து உன் பொகைதான்! மனுசனுக்கே இருமல் வருது, மெஷினுக்கு வராதா?”

“சும்மா இருங்கப்பா...” தர்ஷினியின் குரல் உடைந்திருந்தது.

உடையாதா? கொம்பியூட்டரில் வீட்டுப் படம் வரைந்து கொடுப்பது அவள் தொழில். கொழும்பில் ஒரு கம்பெனி, கைத்திறனைப் பார்க்க ஒரு படம் கேட்டிருந்தது. அன்று பின்னேரம் விளக்கு வைப்பதற்குள் போய்ச் சேர்ந்தால் வேலை. இல்லையென்றால்... வேறு யாருக்கோ. காலையிலிருந்து படம் பாதி வருவதும், மெஷின் அணைவதுமாகவே இருந்தது.

“பிலிமத்தலாவைக் கொம்பியூட்டர் கடைக்குத் தூக்கிட்டுப் போவோமா?” என்றார் இவர்.

“ஜும்மா தொழுகை நேரம்பா. கடை பூட்டியிருப்பாங்க.”

எனக்கு ஓ.எல். வரைக்கும்தான் படிப்பு. ஆனாலும் ஒன்று தெரியும் — காய்ச்சல் என்றால் முதலில் தெர்மோமீட்டர். கோபமெல்லாம் அப்புறம்தான்.

“சூடு காட்டுமே, அதப் போடு புள்ள” என்றேன்.

மெஷினின் சூட்டைக் கண்காணிக்க அவள் ஒரு மென்பொருள் வைத்திருக்கிறாள். திரையின் மூலையில் சின்னக் கட்டம். அதற்குள் எண்கள் ஓடும். கிண்ணத்தைப் பின்வாசலில் வைத்தேன். ஜன்னலைத் திறந்தேன். ஹந்தானை மலைப் பக்கத்துக் குளிர்காற்று வீட்டை நிறைத்தது. இப்போது புகையே இல்லை. படத்தை மறுபடி உருவாக்க மெஷினை ஓடவிட்டாள். எழுபது... எண்பத்தைந்து... தொண்ணூற்றெட்டு. சிவப்பு!

“இப்ப எங்கங்க பொகை?”

வீட்டுக்காரர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார்.

தர்ஷினி அவசரமாகப் படத்தை நிறுத்தினாள். கட்டத்தில் ஃபேன் வேகத்துக்கு இரண்டு வரிகள். ஒன்றில் எண் ஓடியது. மற்றதில் சைபர்.

“இதென்னடி சைபர்?”

“அது ஒன்னுமில்லம்மா. வயர் சொருகாத எடத்துக்கும் சைபர்தான் காட்டும்...” என்றவள் சட்டென்று நிமிர்ந்தாள். “இருங்க, இருங்க. பயோஸ்ல பாப்போம். அங்க எது எந்த ஃபேன்னு பேரோட இருக்கும்.”

பயோஸ் என்பது வேறொன்றுமில்லை. விண்டோஸ் எழும்புவதற்கு முன்னால் மதர்போர்ட் தன் வாயால் பேசுகிற இடம். மெஷின் எழும்பும்போதே டிலீட் பட்டனை விடாமல் தட்ட வேண்டும். தட்டினாள். ஒரு நீலத் திரை வந்தது. அதில் விரலை ஓட்டினாள். ப்ராசசர் ஃபேன் சுற்றுகிறது. உச்சியிலிருந்து சூட்டை வெளியே தள்ளுகிற ஃபேன் — சைபர்!

கரண்டை நிறுத்தி, பக்கத் தகட்டைக் கழற்றினாள். நான் டோர்ச் அடித்தேன்.

உள்ளே என்ன இருந்தது தெரியுமா? ஃபேன் இறக்கைகளை இறுகச் சுற்றிய பூ நூல். காய்ந்து பழுப்பேறிய மல்லிகை அதில் இன்னமும் தொங்கியது.

சரஸ்வதி பூசையன்று புத்தகங்களோடு கொம்பியூட்டருக்கும் பூச்சரம் சாத்தியவர் யார்? நானா? “புள்ளைக்குச் சோறு போடப்போற மெஷின்” என்று அதன் உச்சியில் பக்தியோடு வைத்தவர், இதோ கண்ணாடி துடைக்கிறார்! காற்று நன்றாகப் போகட்டும் என்று மேல் வலையை மகள் கழற்றி வைத்திருந்தது, பாவம், அவருக்குத் தெரியாது.

“சாம்பிராணியாம், சாம்பிராணி!”

“சரி சரி... கத்தரிக்கோலக் கொண்டா.”

அவரே உட்கார்ந்து நூலை இழை இழையாக வெட்டி எடுத்தார். குழந்தையின் காலில் முள் எடுப்பது போல அத்தனை பக்குவம். அதற்கு மேல் திட்ட எனக்கு மனம் வரவில்லை.

மெஷின் எழும்பியது. சைபர் இருந்த இடத்தில் எண் ஓடியது. சூடு எழுபதைத் தாண்டவில்லை. விளக்கு வைக்கும் முன்னரே படம் கொழும்புக்குப் போய்விட்டது. இந்தத் திங்கட்கிழமை, வேலை நிச்சயம் என்று பதிலும் வந்தது. பிள்ளையாரப்பா! ஓடிப்போய்த் தேங்காய் உடைத்தேன்.

தெய்வம் துணை நிற்கும். அதில் எனக்கு எள்ளளவும் சந்தேகமில்லை. ஆனால் எங்கே அடைத்திருக்கிறது என்று பார்க்க, கண்ணைக் கொடுத்ததும் அந்தத் தெய்வம்தானே?

அடுத்த வருடமும் எங்கள் மெஷினுக்குப் பூசை உண்டு. பூ வைக்கலாம், தப்பேயில்லை... மூக்கில் வைக்கக் கூடாது, அவ்வளவுதான்!