உதவிக்கு எஃப்-ஒன்

டொங். எந்தக் கணினி அப்படிக் குரல் கொடுத்தாலும் இன்றைக்கும் எனக்குப் பல் கூசும்.

தொண்ணூறுகளின் கடைசி. மல்லேஸ்வரத்தில் நான் சந்தா கட்டிவந்த நூலகம். புத்தகப் பட்டியல் கார்டு இழுப்பறைகளைத் தூக்கிப் போட்டுவிட்டு, அந்த இடத்தில் ஒரு கணினியைப் புது மாப்பிள்ளை மாதிரி உட்கார வைத்திருந்தார்கள். அது வந்த பிறகு ஒருமுறைகூட இரவல் போகாத புத்தகங்களைப் பழைய பேப்பருக்குப் போடப்போவதாகக் கதவில் ஒட்டியிருந்தது. என் ஒரே கவிதைத் தொகுப்பு 'தகர மழை' அங்கே இருந்தது. நானே கொடுத்த பிரதி.

அந்த மாப்பிள்ளைக்குத் தமிழ் எழுத்து தெரியாது. ஆங்கில எழுத்தில் கேட்க வேண்டும். தலைப்பைத் தட்டி, 'மழை'யின் 'ழ'வுக்கு இசட்-எச் போட்டேன். டொங். எல் போட்டு, கடைசியில் ஏ-ஐ போட்டேன். டொங். உதவிக்கு எஃப்-ஒன். நீலத்திரையில் ஆங்கிலம் வந்து, எழுத்துப்பிழை இருக்கிறதா பார், இல்லையென்றால் நூலகரைக் கேள் என்றது. கேட்டேன். நூலகர் மூன்று தலைமுறையாக இந்தக் கன்னட ஊரிலேயே இருக்கும் தமிழர். தலை தூக்காமல் எஃப்-ஒன்னை அழுத்தச் சொன்னார். அழுத்திவிட்டுத்தான் வருகிறேன் என்றேன். இன்னொரு தடவை அழுத்தினால் விரல் தேய்ந்துவிடுமா என்றார்.

அவர் காலடியில் சணல் கயிறு சுற்றிய கட்டு. நடுவில் என் புத்தகத்தின் முதுகு. உருவி மேஜையில் வைத்து, அட்டையில் இருப்பது என் பெயர்தான் என்றேன். அதில் ஒட்டியிருந்த எண்ணைக் கணினியில் வேண்டாவெறுப்பாகத் தட்டினார். வந்தது. மழைக்கு எம், ஏ, எல், இ. டைப் அடித்த பெண்ணுக்கு வீட்டு மொழி கன்னடம்; கன்னடத்தில் மழை 'மளெ', அப்படியே போட்டுவிட்டாள். அதை இங்கிலீஷ் என்று நினைத்துப் படித்த எவனோ பொருள் வகையில் 'ஆண்கள்' என்று போட்டிருந்தான். மழையே, உனக்கு மீசை வரைந்துவிட்டார்கள்.

திருத்தச் சொன்னேன். பாஸ்வேர்டு, கணினி வைத்துக்கொடுத்த கம்பெனிக்காரர்களிடம் இருக்கிறதாம்.

"கண்டுபிடிக்கவே முடியாததை எவன் சார் எடுப்பான்?"

"ஸ்வல்ப அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க மேடம். நீங்களே ஒரு தடவை எடுத்துட்டுப் போங்க. கம்ப்யூட்டர்ல ஏறிடும், புஸ்தகம் தப்பிச்சிடும்."

நான் எழுதியதை நானே இரவல் வாங்குவதா? வாசல்வரை போய்விட்டேன். பின்னால் அவர் கயிற்றை இழுத்து முடிச்சுப் போடும் சத்தம். திரும்பி வந்து உறுப்பினர் அட்டையை மேஜைமேல் எறிந்தேன். தேதி முத்திரையை ஓங்கிக் குத்தி, புத்தகத்தை என் பக்கம் தள்ளினார்.

"உள்ளே பேனாவால எதையும் எழுதிடாதீங்க, மேடம்."