உயிரோடிருப்பவனுக்கு இளைப்பாற்றி

மரண தண்டனை எந்நிலையிலும் ஏற்கத்தக்கதல்ல என்று ரோமாபுரியில் கத்தோலிக்க மறைக்கல்வி நூலின் ஒரு பத்தியைத் திருத்தினார்கள். அதற்கு முந்தைய வாரம்வரை மலாக்கா தெங்கேராவில் ஒரு கடையில் தே தாரிக் என்னும் இழுத்த டீயைக் குடித்தபடி, “கொன்னவனைத் தூக்குல போட வேண்டியதுதான் லா” என்று சொல்லிக்கொண்டிருந்தவன் நான். திருத்தம் வந்ததும் நானும் திருந்திவிட்டேன், அவ்வளவு சுலபமாக. எங்கள் பங்குக் கோயிலின் இதழுக்கு நான்கு பக்கத்தில் ஒரு கவிதை எழுதினேன். கயிறு வந்தது, விடியல் வந்தது, கம்பிக்கு வெளியே ஒரு பறவைகூட வந்தது. கொலையுண்டவன் மட்டும் வரவில்லை.

எங்கள் மாதா கோயிலில் தமிழ்ப் பூசைக்கு முன் வேண்டுதல் பெயர்களை வாசிப்பதும் நான்தான். பெயர்களை உறையில் எழுதிப் பெட்டியில் போடுவார்கள். உயிரோடிருப்பவர்கள் தனி, இறந்தவர்கள் தனி என்று நான் பிரித்துக்கொள்ள வேண்டும். சில வருடங்கள் கழித்து ஒரு வாரம், சுங்கை ரம்பாயிலிருந்து வரும் அக்காவின் உறையில் இரண்டு பெயர்கள். முதலாவது அவர் மகன். சண்டையில் ஒருவனைக் குத்திக் கொன்று தூக்குத் தண்டனை பெற்றவன். பன்னிரண்டு வருடமாகிறதே, முடித்திருப்பார்கள் என்று நானே முடிவுகட்டினேன். இரண்டாவது, கணவராக இருக்கும். கேட்டுத் தெரிந்துகொள்வது கவிஞனுக்கு அழகா? இருவரையும் இறந்தோர் பட்டியலில் சேர்த்து, குரலைக் கொஞ்சம் தழைத்து, “ஆன்ம இளைப்பாற்றிக்காக” என்று வாசித்தேன். குரல் நன்றாகவே வந்தது.

முன் பெஞ்சிலிருந்து அக்கா எழுந்தார்.

“தம்பி, எம்மவன் உசுரோட இருக்கான். புதுச் சட்டம் வந்திருக்குல்ல, தூக்குத் தண்டனய மாத்தச் சொல்லி மனுப் போட்ருக்கு, புதன்கிழம கேசு. கோர்ட்டே இன்னும் கொல்லல. நீ கொன்னுட்டியே லா!”

யாரோ சிரித்துவிட்டு, அதை இருமலாக்கினார்கள். தூக்கை எதிர்த்து நான்கு பக்கம் எழுதியவன், மைக்கிலேயே ஒன்றை நிறைவேற்றியிருந்தேன்.

“மன்னிச்சிருங்கக்கா. அந்த ரெண்டாவது பேரு...?”

“எம்மவன் கையால செத்த பையன். அவன்தான் அந்த லிஸ்ட்ல இருக்கணும்.”

“திருச்சபையின் போதனைப்படி...” என்று ஆரம்பித்தேன். வாய் சும்மா இருக்காது.

“போதன கெடக்கட்டும் தம்பி. எம்மவன் நல்லவன்னு நான் சொன்னனா? கொன்னான். செஞ்சது அவனுக்கு உறைக்கணும், அழணும். அதுக்கு அவன் இருக்கணும்ல? பேர ஒழுங்கா வாசி.”

வாசித்தேன். செத்தவனின் பெயரில் நாக்கு குழறியது. அக்கா திருத்தினார். மறுபடி வாசித்தேன்.

புதன்கிழமை, பரிகாரமாக, என் காரில் அவரைப் புத்ராஜெயா நீதிமன்றத்துக்கு அழைத்துப் போனேன். வழிநெடுக உவமைகள் தோன்றின, விழுங்கிக்கொண்டேன். தூக்கு நீங்கியது, முப்பது வருடச் சிறை என்றார்கள். அதற்குமேல் என்னால் அடக்கிக்கொள்ள முடியவில்லை. அக்காவின் கையைப் பிடித்துக் குலுக்கி, “இறைவனுக்கு நன்றி!” என்று வராந்தாவே திரும்பிப் பார்க்கும்படி கத்தினேன்.

அக்கா கையை விடுவித்துக்கொண்டார். அவர் கண் எதிர் பெஞ்சில் இருந்தது.

“மெதுவா தம்பி. அந்தப் பையனோட அம்மா அங்க உக்காந்திருக்காங்க.”