முடிவைக் கடையில் கேட்கவும்

ஒரு கேசட் கைக்கு வந்தால் கனகலட்சுமி முதலில் படத்தின் பெயரைப் பார்க்க மாட்டாள். முன்பக்கத்து மூடியை விரலால் தூக்கி, உள்ளே இருக்கும் டேப்பை வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பார்ப்பாள். சுண்டுவிரலைச் சக்கரத்துக்குள் விட்டுச் சிறிது சிறிதாகச் சுற்றுவாள். கசங்கல், கீறல், ஓரச் சுருக்கம் எதுவும் தப்பாது. பட்டுத்தறி வீட்டில் பிறந்தவள். ஒன்பது வயதில் பாவில் அறுந்த இழையைத் தேடிப் பிணைக்க உட்காரவைத்தார்கள். அதே கண்தான் இப்போது கேசட்டைப் பார்த்தது.

பழங்காநத்தத்தில் சாம்பசிவம் வாத்தியார் வீட்டின் கீழே, தெருவைப் பார்த்த முன்னறையில் எண்பத்து மூன்றாம் வருஷம் அவள் கணவன் ஜனகராஜ் வீடியோ லைப்ரரி திறந்தான். மறு வருஷமே மஞ்சள் காமாலை அவனைக் கொண்டுபோயிற்று. கொழுந்தனார் லட்சுமிநாராயணன், வீடியோ டெக்கையும் கேசட்டுகளையும் மொத்தமாக வாங்கிக்கொள்ள ஆளோடு வந்தார். கனகலட்சுமி வந்தவருக்குக் காப்பி கொடுத்து அனுப்பிவிட்டு, பதினேழாம் நாள் கடையைத் திறந்தாள். டெக்கின் மூடியைக் கழற்றினாள். எது எங்கே சுழல்கிறது என்று ஒரு மாதம் பார்த்துக்கொண்டே இருந்தாள். அதன் பிறகு டேப்பைப் படிக்கும் ஹெட்டைத் துடைக்கவும் அறுந்த டேப்பை ஒட்டவும் அவளுக்கு யாருடைய தயவும் தேவைப்படவில்லை. அந்த வட்டாரத்து லைப்ரரிகள் எல்லாம் டேப் சிக்கினால் அவளிடம்தான் கொடுத்தனுப்பின.

கடைக்கு அவள் வைத்த சட்டம் இரண்டு. எந்தக் கேசட்டும் முதலிலிருந்து கடைசிவரை அவள் பார்த்த பிறகே அலமாரிக்குப் போகும். அலமாரிக்குப் போகுமுன் கேசட்டின் முதுகு விளிம்பில் உள்ள சின்னப் பிளாஸ்டிக் பட்டையை உடைத்துவிடுவாள். அது இல்லாவிட்டால் அந்தக் கேசட்டின் மேல் வேறு எதையும் பதிய முடியாது.

நாற்பத்தொன்றாம் நம்பரும் அப்படித்தான் அலமாரிக்குப் போனது. எந்த நாட்டுப் படம் என்று அவளுக்குத் தெரியாது. இத்தாலியோ பிரான்ஸோ, பத்துப் பன்னிரண்டு வருஷம் பழசு. பேச்சில் ஒரு சொல்லும் புரியவில்லை, கதை மட்டும் தண்ணீர் மாதிரித் தெளிவாகப் புரிந்தது. கோட்டை மாதிரி ஒரு வீடு. கல்யாணமாகி வந்த முதல் நாளே புருஷனும் அவன் சிநேகிதர்கள் மூன்று பேரும் ஒரு பெண்ணைச் சீரழித்துக் குளத்தில் தள்ளிவிடுகிறார்கள். அவள் திரும்பி வருகிறாள். கூந்தலில் தண்ணீர் சொட்டச் சொட்ட, ஒவ்வொருவனிடமும் ஆசை காட்டி வருகிறாள். படத்தில் துணி குறைவு, உண்மைதான். பள்ளிக்கூடப் பையன்கள் கேட்டால் கனகலட்சுமி கொடுக்க மாட்டாள். ஆனால் படத்தை முழுக்கப் பார்த்தவளுக்கு அதை ஒளித்துவைக்கத் தோன்றவில்லை. நியாயமான கதை என்று தோன்றியது.

வாங்கிப்போன ஆம்பிளைகள் யாரும் அதை முழுக்கப் பார்க்கவில்லை என்பதை டேப்பே சொன்னது. அந்தப் பெண் குளிக்கும் இடத்திலும், மச்சு அறையில் இரண்டாவது சிநேகிதனோடு இருக்கும் இடத்திலும் டேப் நைந்து வெளுத்துக் கிடந்தது. அத்தனை தடவை நிறுத்தி நிறுத்தித் திருப்பியிருக்கிறார்கள். மச்சு அறையில் அந்த ஆள் ஒரு நிமிஷம் கழித்துச் செத்துப்போவான். அந்த இடத்து டேப் புத்தம் புதுசாக மின்னியது.

எண்பத்தேழாம் வருஷம் மாசி மாதம், சாம்பசிவம் மாடியிலிருந்து இறங்கி வந்தார். ஓய்வு பெற்ற தலைமையாசிரியர். கையில் நாலாக மடித்த காகிதம்.

"இந்தாம்மா. பங்குனி முடியறதுக்குள்ள ரூமைக் காலி பண்ணிக் கொடுத்துடணும்."

"என்ன சார் தப்பு நடந்துச்சு?"

"கோயில்ல நாலு பேர் கேக்கறா. வாத்தியார் வீட்டுல ப்ளூ ஃபிலிம் கிடைக்குதாமேன்னு. நாற்பத்தோராம் நம்பராம். நம்பர் சொல்லிக் கேக்கறா!"

"நீங்க அந்தப் படத்தப் பாத்தீங்களா சார்?"

"சிவ சிவா! நான் ஏன் அதைப் பாக்கணும்?"

"பாக்காம எப்படி சார் மார்க்குப் போட்டீங்க?"

அவர் காகிதத்தை மேஜைமேல் வைத்துவிட்டு ஏறிப் போய்விட்டார். அவள் அதைப் பிரிக்கவில்லை. இந்த அறை போனால் வேறு அறை கிடைக்கலாம். ஆனால் ப்ளூ ஃபிலிம் வைத்திருந்ததால் காலி செய்யவைக்கப்பட்டவள் என்ற பெயர் அவளுக்கு முன்னால் நடந்துபோய் ஒவ்வொரு கதவாகச் சாத்திவிடும். வாத்தியாரை அந்தப் படத்தைப் பார்க்க வைப்பது என்று அன்றே முடிவு செய்தாள்.

அதற்காக நாற்பத்தொன்றை எடுத்து முதுகைத் தடவியபோது விரல் நின்றது. பட்டை உடைந்த ஓட்டையின் மேல் பிளாஸ்திரி ஒட்டியிருந்தது. யாரோ ஓட்டையை மறைத்து, மேலே எதையோ பதிந்திருக்கிறார்கள். ஜனகராஜின் திவசத்துக்காகக் கடையைப் பக்கத்து வீட்டுப் பாண்டியம்மாளிடம் விட்டுப்போன இரண்டு நாட்களில் இது திரும்பி வந்திருக்க வேண்டும். அவள் பார்க்காமல் அலமாரிக்குப் போன ஒரே கேசட். தன்னையே திட்டிக்கொண்டு டெக்கில் போட்டாள்.

படம் சரியாகத்தான் ஓடியது. குளியல், குளம், முதல் சாவு, மச்சு அறை. மூன்றாவது சிநேகிதன் மெழுகுவர்த்தியோடு படி இறங்குகிறான். பின்னால் ஈரக்கால் தடம். திரை நடுங்கியது. திடுமென்று நாதஸ்வரம்! மணைமேல் மாலையும் கழுத்துமாக உட்கார்ந்திருந்தவர் சாம்பசிவம். பக்கத்தில் அவர் மனைவி வாலாம்பாள், கூறைப்புடவையில்.

கனகலட்சுமிக்குச் சிரிப்பு வரவில்லை. வாலாம்பாள் மாமி தைமாதம் இதே கடையில், இதே ஸ்டூலில் உட்கார்ந்து, தன் அறுபதாம் கல்யாணக் கேசட்டைப் போட்டுப் பார்த்தாள். திருப்பரங்குன்றத்து மண்டபத்தில் நடந்தது. தாலியைத் தட்டில் வைத்து எல்லாரும் தொட்டுக்கொடுக்கும்வரை இருந்தது. அதற்கு மேல் இருட்டு. "டேப் தீந்துடுத்தாம்டி. பட்டாபி சொல்றான். நாப்பது வருஷம் கழிச்சு ரெண்டாவது தடவை கட்டினார், அதைப் பாக்கக் கொடுத்துவைக்கலை" என்று மூக்கை உறிஞ்சிக்கொண்டு போனாள். அந்தத் தாலி இங்கே இருந்தது, மூன்றாவது ஆளின் சாவுக்கு மேல்.

அவர்கள் மகன் பட்டாபிராமன் விருதுநகரில் வங்கி குமாஸ்தா. சனிக்கிழமை பஸ்ஸை விட்டு இறங்கி வந்தவனைக் கனகலட்சுமி கடைக்குள் கூப்பிட்டுப் பிளாஸ்திரியைக் காட்டினாள். அவன் முகம் சுண்டிப்போயிற்று.

"அக்கா, முகூர்த்த நேரத்துல டேப் தீந்துபோச்சு. கேமராக்காரன் கத்தறான். திருப்பிக் கொடுக்கணும்னு பைல இது ஒண்ணுதான் இருந்தது. என்னக்கா பண்ணுவேன்?"

"வீட்டுல சொல்லலையே?"

"என்னன்னு சொல்றது? எந்தக் கேசட்னு கேப்பாளே! அக்கா, உங்களைக் கும்பிட்டுக்கறேன், அதை அழிச்சுடுங்கோ."

"ஒங்க அம்மா கழுத்துல தாலி ஏறுது தம்பி. என்னைய அழிக்கச் சொல்றீங்களே."

"அப்ப அந்தத் துண்டை மட்டும் தனியா எடுத்துக் கொடுங்கோ. எங்கேயோ கிடைச்சுதுன்னு..."

"எங்க கெடச்சதுன்னு கேப்பாங்க, அதுக்கு ஒரு பொய்யி சொல்லணும். அந்தக் கத வேணாம். நாளைக்கு மத்தியானத்துக்குள்ள நீங்களே சொல்லிருங்க. சொல்லலேன்னா நான் சொல்ல வேண்டியதாப் போயிரும்."

அன்று சாயங்காலமே டவுன்ஹால் ரோட்டுக்குப் பஸ் ஏறினாள். வெளிநாட்டுப் படங்களைப் பிரதி எடுத்து விற்கும் விருமாண்டியிடம்தான் நாற்பத்தொன்றை வாங்கியிருந்தாள். இன்னொரு பிரதி இருந்தால் முடிவு கிடைத்துவிடும்.

"அண்ணே, அந்தக் குளத்துப் பொண்ணு படம். முழுசா வேணும்."

"முழுசாவா?" விருமாண்டி தலையைச் சொறிந்தார். "ஒனக்குக் குடுத்தது மொத பிரதி தங்கச்சி. அதுக்கப்புறம் எல்லாத்துலயும் மச்சுரூம் சீனோட நிறுத்திட்டு, மிச்ச டேப்புல சண்டப்படம் ஏத்திருவேன். மூலத்த மெட்ராஸ்காரன் அப்பவே வாங்கிட்டுப் போயிட்டான்."

"கடைசி இல்லாம என்னண்ணே படம்?"

"அம்புட்டுப் பேருக்கு வித்திருக்கேன். கடைசியக் காணோம்னு ஒரு பய கேட்டதில்ல. நீதான் வந்து நிக்கிறே!"

திரும்பி வரும் பஸ்ஸில் அவள் கணக்குப் போட்டுப் பார்த்தாள். இந்த ஊரில் அந்தப் படத்தின் முடிவைப் பார்த்தவள் தான் ஒருத்திதான். நல்லது, அதுவும் போதும்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மாமி படியிறங்கி வந்தாள். பின்னாலேயே வாத்தியார். பட்டாபி மாடிப்படியில் பாதியிலேயே நின்றுவிட்டான்.

"ஏன்டி கனகா, எங்காத்துத் தாலி உன் கேசட்லயாமே? அந்தக் கடன்காரன் இப்பதான் வாயைத் தொறக்கறான்."

"இருக்கு மாமி. பத்திரமா இருக்கு."

"அதை மட்டும் போட்டுக் காட்டிடு" என்றார் வாத்தியார், சுவரைப் பார்த்தபடி.

"முடியாது சார். நடுவுல ரெண்டு எடத்துல டேப் நைஞ்சு கெடக்கு. வேகமா ஓட விட்டா அறுந்துரும். அறுந்தா சுத்திக்கும், அப்புறம் தாலியும் போயிரும். மொதல்ல இருந்து மெதுவாத்தான் ஓட்டணும்."

அது உண்மை. ஆனால் கையாலேயே சுற்றி நைந்த இடங்களைத் தாண்ட அவளால் முடியும். நூறு கேசட்டில் செய்திருக்கிறாள். அதை அவள் சொல்லவில்லை.

"நான் பாக்க மாட்டேன்."

"நீங்க பாக்காட்டா போங்கோ" என்றாள் மாமி. "நான் பாக்கணும். எடுத்துண்டு வாடி டெக்கை."

மாடிக் கூடத்தில் டெக்கை வைத்து ஒயர்களைச் செருகினாள். பட்டாபிக்குத் திடீரென்று வெளியே வேலை வந்துவிட்டது. வாத்தியார் ஜன்னலோரம் நாற்காலியைத் திருப்பிப் போட்டுச் செய்தித்தாளை விரித்தார். மாமி மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பாயில் உட்கார்ந்தாள்.

குளியல் வந்தது.

"கண்றாவி! கதவைச் சாத்திக்கத் தெரியாதோ இவளுக்கு?"

"தாப்பாள ஒடச்சு வச்சிருக்கான் மாமி, அவ புருஷன். அங்க பாருங்க."

மாமி பார்த்தாள். அதற்குப் பிறகு கண்றாவி என்று சொல்லவில்லை. குளத்தில் தள்ளியபோது இரண்டு கைகளையும் நீட்டி, "அடப் படுபாவிகளா! ஒருத்தன் பிடிக்க மாட்டானோ!" என்றாள். ஈரத் தலையோடு அந்தப் பெண் திரும்பி வந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தாள். மச்சு அறையில் முகத்தைத் திருப்பிக்கொண்டவள், அந்த ஆளின் அலறல் கேட்டதும் வெடுக்கென்று திரும்பினாள்.

"செத்தானா?"

"செத்தான் மாமி."

"ரெண்டு ஆச்சு. இன்னும் ரெண்டு தடியன் பாக்கி."

ஜன்னலோரத்தில் செய்தித்தாள் வெகுநேரமாகப் புரட்டப்படவில்லை என்பதைக் கனகலட்சுமி கவனித்தாள். நாற்காலியும் கொஞ்சம் கொஞ்சமாகத் திரைப் பக்கம் கோணியிருந்தது.

மூன்றாவது சிநேகிதன் படி இறங்கினான். ஈரக்கால் தடம் தெரிந்தது. திரை நடுங்கி, நாதஸ்வரம் முழங்கியது. மணையில் சாம்பசிவம் கூச்சத்தோடு குனிந்து முடிச்சுப் போட்டார். மாமி வாயைப் பொத்திக்கொண்டாள். அட்சதை விழுந்தது, யாரோ சிரித்தார்கள், ஒரு குழந்தை குறுக்கே ஓடியது. பிறகு நிறுத்த மறந்த கேமராவில் மண்டபத்துத் தரையும் இரைச்சலும் மட்டும், கேசட்டின் கடைசிவரை.

மாமி புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கனகலட்சுமி எழுந்து டெக்கை நிறுத்தினாள். ஒயரைக் கழற்றப் போனபோது வாத்தியார் தொண்டையைச் செருமினார்.

"ஏம்மா... அந்த நாலாவது ஆள். அவ புருஷன். அவன் என்ன ஆனான்?"

"படத்துல இல்லையே சார். அதுமேலதான் ஒங்க கல்யாணம் இருக்கு."

"நீ பாத்திருப்பியே."

அவள் ஒயரைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தாள்.

"மூணாவது ஆளு படியிலயே விழுந்து செத்தான். புருஷன அவ தொடல சார். கல்யாணத் துணியோட சாப்பாட்டு மேஜையில அவனுக்கு எதிர்ல போயி உக்காந்தா. ஒண்ணும் பேசல, அவனையே பாத்துக்கிட்டு இருந்தா. விடிய விடிய. அவன் என்னென்னமோ பேசுறான், கத்துறான், கால்ல விழுறான். இவ பாத்துக்கிட்டே இருக்கா. விடிஞ்சதும் அவனா எந்திரிச்சு, அவனா நடந்து, குளத்துல எறங்கிட்டான்."

"அவ?"

"கரையில உக்காந்தா. நல்ல வெயிலு. படம் பூராம் அவ தலையில தண்ணி சொட்டிக்கிட்டே இருந்துச்சுல்ல? அப்பத்தான் காஞ்சுச்சு. அள்ளி முடிஞ்சா. அம்புட்டுத்தான் சார் படம்."

"இதைப் போய் ப்ளூ ஃபிலிம்னு எவன் சொன்னான்?" என்று மாமி கேட்டாள். வாத்தியார் செய்தித்தாளை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார்.

மறுநாள் காலை கடை திறந்ததும் அவரே இறங்கி வந்தார். மேஜைமேல் பிரிக்கப்படாமல் கிடந்த காகிதத்தை எடுத்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

"கோயில்ல யாராவது கேட்டா நான் பேசிக்கறேன்" என்றார். "பையன்களுக்கு மட்டும் கொடுக்காதே."

"எப்பவுமே குடுத்ததில்ல சார்."

கனகலட்சுமி இரண்டு டெக்கைப் பிணைத்து, தாலி கட்டும் பகுதியை ஒரு புதுக் கேசட்டில் எடுத்து மாமிக்குக் கொடுத்தாள். பிறகு நாற்பத்தொன்றில் அந்தப் பகுதியை அழித்தாள். ஒரு குடும்பத்தின் கல்யாணம் ஊரெல்லாம் சுற்ற வேண்டாம். பிளாஸ்திரியை உரித்தாள். நைந்த இரண்டு இடங்களையும் சுத்தம் செய்தாள். அட்டையில் ஒரு சீட்டு ஒட்டி, நிதானமாகக் குண்டு எழுத்தில் எழுதினாள்: 'இதில் கடைசி இருபது நிமிடம் இல்லை. முடிவைக் கடையில் கேட்கவும்.'

முதலில் எடுத்துப்போனவன் கண்ணுச்சாமி, ஆட்டோ ஓட்டுகிறவன். இரண்டாம் நாள் கேசட்டை மேஜையில் வைத்துவிட்டு நகரப் பார்த்தான்.

"நில்லுங்கண்ணே" என்றாள் கனகலட்சுமி. "முடிவு கேக்கலையே."

"இருக்கட்டும்க்கா, சவாரி நிக்குது."

"ரெண்டு நிமிஷந்தான். உக்காருங்க."

ஸ்டூலை அவன் பக்கம் நகர்த்தினாள். அவன் தெருவையும் ஸ்டூலையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு உட்கார்ந்தான்.