கம்பெனி சாமானா, வெளிச் சாமானா?

கார் ஏசி வேலை பார்க்கிறவர்களிடம் யாரும் "ஏசி ரிப்பேர்" என்று வண்டியைக் கொண்டுவருவதில்லை. "கேஸ் மட்டும் கொஞ்சம் அடிச்சு விடுங்க" என்றுதான் வருவார்கள். அந்தக் கேஸ் எந்த ஓட்டை வழியாகப் போனது, அதை அடைக்க எந்தச் சாமானை மாற்றுவது என்பதிலேயே நம் போன்றவர்களின் பொழுதெல்லாம் போகிறது. நம் போன்றவர்கள் என்றது, கடை வைத்திருக்கிற உங்களையும், காரை வைத்துக்கொண்டு கடை கடையாக அலைகிற உங்களையும் சேர்த்துத்தான்.

நான் ஐ.டி.ஐ.யில் படித்துவிட்டு, தினமும் கோலார் தங்கவயலின் கோரமண்டல் ஸ்டேஷனில் ரயிலேறி, பெங்களூரில் ஒரு சர்வீஸ் சென்டரில் பதினோரு வருஷம் ஏசி வேலை பார்த்தவள். அங்கே யோசிக்க ஒன்றுமில்லை. கார் கம்பெனி அனுப்புகிற சாமானைத் தவிர வேறு எதையும் தொடக்கூடாது. கே.ஜி.எஃப். என்கிற அதே தங்கவயலில் சொந்தமாகக் கடை போட்ட பிறகுதான் ஒரே சாமான் மூன்று விதமாக வரும் என்பது உறைத்தது. கார் கம்பெனி டப்பாவில் வருவது ஒன்று. வேறு நல்ல கம்பெனிக்காரர் செய்து விற்கிற வெளிச் சாமான் ஒன்று. யார் செய்தார் என்றே தெரியாதது ஒன்று.

சம்பத்தின் கூலிங் காயில்

சம்பத் எங்கள் ஊரின் சாம்பியன் ரீஃப்ஸ் பகுதிக்காரர், ஏர்போர்ட்டுக்கு டாக்ஸி ஓட்டுகிறவர். கடை திறந்த முதல் வருஷம் அவர் வண்டியில் கூலிங் காயில் ஓட்டையாகிவிட்டது. அது டேஷ்போர்டுக்குப் பின்னால் இருப்பது. டேஷ்போர்டு மொத்தத்தையும் கழற்றினால்தான் கை போகும். ஒரு முழு நாள் வேலை. என் அலமாரியில் யார் செய்ததென்றே தெரியாத மலிவான காயில் ஒன்று இருந்தது. பார்வைக்கு அதே அளவு, அதே குழாய். அவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் அதைப் போட்டுவிட்டேன்.

நாலே மாசத்தில் மறுபடி கசிவு. மறுபடி டேஷ்போர்டைக் கழற்றினோம். சித்திரை வெயிலில் ஏசி இல்லாத டாக்ஸியில் யார் ஏறுவார்கள்? மூன்று நாள் அவருக்குச் சவாரி இல்லை. இந்தத் தடவை கம்பெனி காயிலை என் செலவில் போட்டேன். கத்தப்போகிறார் என்று தயாராக நின்றேன். அவர் சாவியை வாங்கிக்கொண்டு மெதுவாகத்தான் சொன்னார்: "நீங்க உள்ள இன்னா போட்டாலும் எனக்குத் தெரியப் போறதில்லக்கா. அதனாலதான் நம்பி உங்ககிட்ட வந்தேன்."

மேனேஜரும் டப்பாவும்

அன்றைக்கு ஒரு முடிவு எடுத்தேன். எதை மாட்டினாலும் முதலில் வண்டிக்காரர் கண்ணில் காட்டுவது, அது எந்தச் சாமான் என்று பில்லில் எழுதுவது, கழற்றிய பழையதைப் பையில் போட்டுக் கொடுத்துவிடுவது. டேஷ்போர்டுக்குப் பின்னால் போகிற எதிலும் கம்பெனி டப்பாதான். முன்பக்கம் சுலபமாகக் கழற்ற முடிகிறவற்றுக்கு நல்ல வெளிச் சாமான் போதும்.

இதற்கு முதலில் குறுக்கே நின்றவர் வரதராஜன் சார், ரிடையர்டு பேங்க் மேனேஜர். கல் அடித்து அவர் காரில் கண்டென்சர் ஓட்டை. ரேடியேட்டருக்கு முன்னால் நிற்கிற சாமான் அது. "வெளிச் சாமானே நல்லா இருக்கும் சார், இன்னைக்கே மாட்டிடலாம்" என்றேன். சம்மதிக்கவில்லை. ஒன்பது நாள் காத்திருந்த பிறகு கம்பெனி டப்பா வந்தது. அவர் முன்னாலேயே பிரித்தேன். உள்ளே தகட்டில் அடித்திருந்த பெயரும் என் அலமாரியில் இருந்ததன் பெயரும் ஒன்றேதான். செய்தவர் ஒருவர், டப்பாதான் வேறு. கண்ணாடியைப் போட்டு இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். கடைசியில் சொன்னார்: "அந்த டப்பாவை மட்டும் தூக்கிப் போட்டுடாதீங்கம்மா. வீட்ல காட்டணும்."

ஒரே நம்பர்

பெங்களூரிலிருந்து ஒரு சப்ளையர் வந்தார். கம்பெனி டப்பாவில் கம்ப்ரஸர், பாதி விலை. சீல், ஸ்டிக்கர் எல்லாம் சரியாகவே இருந்தது. எனக்கே ஆசை வந்தது, மறைக்கவில்லை. என்னோடு வேலை பார்க்கிற முனிராஜு இரண்டு டப்பாவை வெளிச்சத்தில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். இரண்டிலும் ஒரே சீரியல் நம்பர்.

எடுத்துப் போகச் சொன்னேன். சப்ளையர் சிரித்தபடி, "கே.ஜி.எஃப்.ல போய் யாரு மேடம் நம்பரெல்லாம் பாக்கப் போறாங்க?" என்றார். அந்த ஒரு வார்த்தைக்காகவே இனி அவரிடம் ஒரு வாஷர்கூட வாங்குவதில்லை என்று தீர்மானித்தேன். அவர் வண்டி கிளம்பியதும் முனிராஜு சொன்னார்: "ஒரே ஆதார் நம்பர்ல ரெண்டு பேர் இருந்தா ஒருத்தன் திருடன் மேடம். ரெண்டு பேருமே திருடனா இருந்தாலும் இருக்கலாம்."

ஸ்டெல்லாவின் அப்பா

ஸ்டெல்லா ஸ்கூல் டீச்சர். அவர் அப்பா ஆரோக்கியசாமி இங்கத்துத் தங்கச் சுரங்கத்தில் முப்பது வருஷம் இறங்கினவர். அந்தத் தூசு இன்னும் நெஞ்சில் இருக்கிறது. மாசம் இரண்டு தடவை பெங்களூரில் டாக்டரிடம் கூட்டிப்போக வேண்டும். ஜன்னலைத் திறந்தால் ரோட்டுப் புழுதி. பாதி வழியிலேயே இருமி இருமிச் சோர்ந்துவிடுவார். மூடினால் வெயிலில் வெந்துபோவார். இந்த நிலையில் கம்ப்ரஸர் இறுகி நின்றுவிட்டது. அதன் இரும்புத் துகள் குழாய் பூராவும் பரவியிருந்தது. டாக்டரைப் பார்க்க வேண்டியது நாளை மறுநாள் காலை. கம்பெனி சாமான் வரப் பத்து நாள்.

"கம்ப்ரஸரை மட்டும் மாத்திடலாம், போய்ட்டு வந்துடும்" என்றார் முனிராஜு. போய்விடும், திரும்பி வருமா? மிச்சமிருக்கிற துகள் புதியதையும் தின்றுவிடும். பாதி வழியில் பெரியவர் மூச்சு வாங்க உட்கார்ந்திருப்பதை நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. பக்கத்து ஊரான பங்காருபேட்டையில் நல்ல வெளிக் கம்ப்ரஸரும் கண்டென்சரும் கிடைத்தன. டேஷ்போர்டை ஒட்டி இருக்கிற வால்வை மட்டும் முனிராஜு கோலார் போய்க் கம்பெனி டப்பாவில் வாங்கி வந்தார். மூன்றையும் மேஜையில் வைத்து ஸ்டெல்லாவிடம் சொன்னேன், "இது ரெண்டும் வெளிச் சாமான்மா. நல்ல சாமான், ஆனா வெளிச் சாமான்."

"உங்க வண்டியா இருந்தா இன்னா போடுவீங்க?"

"இதையேதான்."

"அப்ப போடுங்க."

குழாயை இரண்டு தடவை கழுவினோம். எனக்குத் திருப்தியில்லை, மூன்றாவது தடவையும் கழுவச் சொன்னேன். புழுதியடைத்த ஃபில்டரையும் மாற்றினோம். மறுநாள் உச்சி வெயிலில் பங்காருபேட்டை வரை ஓட்டிப் பார்த்து, குளிர்ச்சி குறையவில்லை என்று தெரிந்த பிறகே சாவியைக் கொடுத்தேன்.

அவர்கள் போன அன்று போனைக் கீழே வைக்கவில்லை. அது அடிக்கவுமில்லை. சாயங்காலம் வண்டி கடை வாசலில் வந்து நின்றது, நாலு ஜன்னலும் மூடியபடி. பெரியவர் கதவைப் பிடித்துக்கொண்டு இறங்கி, மூச்சை நிதானப்படுத்திக்கொண்டு சொன்னார்: "கீழ சுரங்கத்துல எங்களுக்கும் மேலருந்து மெஷின் வச்சு குளுந்த காத்து அனுப்புனாங்கம்மா. கம்பெனி சாமான்தான். அடியில எங்க லெவலுக்கு வர்றதுக்குள்ள சூடாயிடும். உன் வெளிச் சாமான் பெங்களூர் வரிக்கும் குளுந்துச்சு."

இவ்வளவையும் எடுத்துச் சொன்ன பிறகும் பாதிப் பேர், "நீங்களே பாத்து ஏதாச்சும் ஒண்ணு போட்டுடுங்க" என்றுதான் சொல்கிறார்கள், நானும் விடாமல் முதலிலிருந்து மறுபடி சொல்ல ஆரம்பிக்கிறேன்.