நகராத பத்துப் புள்ளிகள்

“இந்தப் பிள்ளைகளுக்குக் கம்பனி தொடங்கவா சொல்லிக் குடுக்கப் போறீங்க, மிஸ்? மொதல்ல அதுகளுக்கு ஒரு வேலை கெடைக்கட்டும்.”

தொழில்நுட்பத் தொழில்முனைவை ஒரு பாடமாகத் தொடங்கப் பல்கலைக்கழகத்தில் அனுமதி கேட்டபோது எங்கள் துறைத் தலைவர் சொன்னது இது. கேலியில்லை, உண்மையாகவே கவலைப்பட்டார். கடைசியில் ஒரு தவணைக்கு, அதாவது ஒரு அரையாண்டுக்கு, மட்டும் இணங்கினார். அது முடிவதற்குள் மாணவர்கள் செய்த ஏதாவது ஒன்றை வெளியாட்கள் பாவிக்க வேண்டும். இல்லாவிட்டால் பாடம் அத்தோடு சரி.

நான் ஒத்துக்கொண்டேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். மஸ்கெலியாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீடொன்றில், பிறந்து விரிவுரையாளரானவள். தோட்டத்தைப் பற்றி எனக்கு யாரும் சொல்லித் தரத் தேவையில்லை என்ற நினைப்பு இருந்தது.

வகுப்பில் நான் அதிகம் நம்பியது இரண்டு பேரை. ஒருவன் ஹட்டன் பக்கத்துத் தோட்டத்துப் பையன். அவனுடைய சித்தியைக் கொழுந்து எடுக்கும்போது குளவி கொட்டி, ஆஸ்பத்திரியில் வைத்திருந்தார்கள். மற்றவள் வலப்பனையிலிருந்து வந்த சிங்கள மாணவி. தமிழ் பேசுவாள், ஆனால் யோசித்து யோசித்து. குளவிக்கூட்டைக் கண்டவர் போனில் ஒரு பொத்தானை அமுக்கினால், அந்த இடம் வரைபடத்தில் சிவப்பாகத் தெரியும். பக்கத்தில் வருகிறவர்களின் போன் அலறும். இதுதான் அவர்கள் செய்த செயலி. அழகாக வேலை செய்தது. நானே பல இரவுகள் அதைத் திருத்திக் கொடுத்தேன்.

சோதனைக்கு எங்கள் தோட்டத்தையே தேர்ந்தேன். ஒரு வெள்ளிக்கிழமை மாலை லயத்துக்குப் போய், அம்மாவுடையது உட்படப் பத்துப் பெண்களின் போன்களில் செயலியைப் போட்டுக் கொடுத்தோம். மறுநாள் காலை வாசிகசாலையில் மடிக்கணினியைத் திறந்து வைத்து உட்கார்ந்தோம். பெண்கள் மலைக்குப் போய் இரண்டு மணித்தியாலம் ஆகியும் பத்துப் புள்ளிகளும் லயத்தை விட்டு நகரவில்லை.

“சேர்வர் வுழுந்துடுச்சு மிஸ்,” என்றான் அவன்.

அரை மணித்தியாலம் அந்தக் கோளாறைத் தேடிவிட்டு மலைக்கு ஏறினோம். இடுப்பில் மழைக்குக் கட்டிய படங்குச் சாக்கும் தலையில் கூடைக் கயிறுமாக நின்ற பெண்கள் எங்களைப் பார்த்ததும் சிரிக்கத் தொடங்கினார்கள்.

“போனா? அது வூட்டுல சார்ஜுல கெடக்கு,” என்றார் ஓர் அக்கா. “மழையில நனைஞ்சா தொரையா வாங்கித் தருவாரு?”

“ரெண்டு கையும் கொழுந்துல இருக்கு தம்பி,” என்றார் இன்னொருவர். “அமுக்குறதுக்கு மூணாவது கை ஒண்ணு செஞ்சு குடு.”

அம்மா கொழுந்தைக் கிள்ளிக்கொண்டே இருந்தார். அவரைப் பார்க்க எனக்குத்தான் வெட்கமாக இருந்தது. படிக்கப் போன நாளிலிருந்து நான் மாலை ஐந்து மணிக்கு முன் அம்மாவுக்குப் போன் எடுத்ததே கிடையாது. எடுத்தாலும் பதில் வராது என்று தெரியும். தெரிந்த அந்த விஷயம் செயலியைத் திருத்தியபோது எனக்குத் தோன்றவேயில்லை.

தவணை முடிய மூன்று வாரம் இருந்தது. அங்கேயே தேயிலைக்கு நடுவில் நின்று வலப்பனை மாணவி கேட்டாள். “அக்கா, இப்ப கூடு கண்டா எப்படிச் சொல்றீங்க?”

“செடியில துணி கட்டுவோம். கங்காணிகிட்டயும் சொல்லுவோம். அடுத்த தடவ இந்த மலைக்கு வேற ஆளுங்க வருவாங்க. அதுக்குள்ள துணி காத்துல போயிரும், கங்காணிக்கு மறந்துரும்.”

“எல்லாரும் சேர்ந்து நிக்கிற எடம் எது?”

“பெரட்டுதான்.”

தினமும் காலையில் எல்லோரும் கூடி நிற்க, யார் எந்த நம்பர் மலைக்குப் போவது என்று கங்காணி சொல்லும் இடம் அது. அவரிடம் போனும் உண்டு. பஸ்ஸில் திரும்பும்போதே மாணவர்கள் இருவரும் வரைபடத்தையும் அலறலையும் தூக்கியெறிந்தார்கள். பெண்கள் வாயால் சொல்வதைக் கங்காணி போனில் பேசிப் பதிந்தால் போதும். மறுநாள் பெரட்டில் மலை நம்பரைப் போட்டதும், அந்த மலையில் உள்ள கூடுகளை அவர் போனோடு இணைத்த ஒலிபெருக்கி சொல்லும்.

“இது ஆப்பே இல்ல மிஸ், ரேடியோ,” என்று அவன் முகத்தைத் தொங்கப்போட்டான்.

ஒரு வாரத்தில் செய்து கொண்டுபோய்க் கொடுத்தார்கள். இறுதி நாளன்று துறைத் தலைவர் எங்கள் விளக்கத்தைப் பொறுமையாகக் கேட்டார். பிறகு கங்காணியின் இலக்கத்தை வாங்கி, எல்லோர் முன்னாலும் அவரே அழைத்தார். “நீங்க இத உண்மையா பாவிக்கிறீங்களா?”

“பாவிக்காம என்னாங்கய்யா செய்ய?” என்றது போன். “நேத்து போட மறந்துட்டேன். அதக் கேக்காம மலைக்கு ஏற மாட்டோம்னு பொம்பளைங்க அத்தன பேரும் பெரட்டுலயே நின்னுட்டாங்க.”

மாணவி வாயைப் பொத்திக்கொண்டாள். துறைத் தலைவர் போனை வைத்தார்.

“அடுத்த தவணைக்கும் போடுங்க, மிஸ்,” என்றார்.

எந்தக் கம்பனியும் இதை இன்னும் வாங்கவில்லை. எங்கள் தோட்டத்தின் பக்கத்துப் பிரிவான டிவிஷனில் மட்டும் கேட்டிருக்கிறார்கள். அடுத்த தவணையின் முதல் மூன்று வகுப்புகளுக்கு மடிக்கணினி கொண்டுவரக் கூடாது என்று பாடத்திட்டத்தில் எழுதிவிட்டேன். தோட்டத்துத் துரையிடம் எழுத்தில் அனுமதி வாங்கி, மாணவர்களை விடியற்காலையில் பெரட்டுக்கு ஏற்றிப்போக வேனும் பேசிவிட்டேன்.